மழையோடு வரும் திருநாட்கள்



புரட்டாசி பிறந்ததும் மலைநாட்டின் முகம் மாறத் தொடங்குகின்றது. ஆடியிலும் ஆவணியிலும் மஸ்கெலியாவையும் வட்டவளையையும் விடாது நனைத்த தென்மேல் பருவமழை ஓய்ந்து, காலையில் இளவெயிலும் பிற்பகலில் இடியோடு கூடிய மழையுமாகப் பொழுதுகள் கழிகின்றன. மேலை நாட்டார் இக்காலத்தை இலையுதிர் காலம் என்பர். அமெரிக்க நாட்டின் நடுமேற்குப் பகுதியிலுள்ள சிற்றூர்களில் அறுவடை முடிந்த களிப்போடு மக்கள் ஒன்றுகூடி, பூசணிக்காய்ச் சந்தையும் ஊர்வலமும் பொது விருந்தும் நடத்துவது இப்பருவத்திலேதான். நமது தேயிலைச் செடி இலையுதிர்ப்பதில்லை. கொழுந்து பறிக்கும் வேலைக்கும் ஓய்வில்லை. ஆயினும் நமது தோட்டங்களிலும் மக்கள் கூடி மகிழும் காலம் இதுவேயாகும்.

நவராத்திரி, தீபாவளி, கந்தசஷ்டி, கார்த்திகை விளக்கீடு என அடுத்தடுத்துத் திருநாட்கள் வரவிருக்கின்றன. அவற்றோடு செலவும் வருகின்றது, மழையும் வருகின்றது. ஆதலின் இவ்வாரம், வரவிருக்கும் மூன்று மாதத்துத் திருநாட்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் குடும்பத்தினரும் மாணவரும் முன்னதாகச் செய்துகொள்ளத்தக்கவற்றை எடுத்துரைக்க விழைகின்றோம்.

சிறுவர் தினமும் நவராத்திரியும்

ஒக்டோபர் முதலாந் திகதி நமது நாட்டில் சிறுவர் தினமாகவும் முதியோர் தினமாகவும் கொண்டாடப்படுகின்றது. ஆறாந் திகதி ஆசிரியர் தினம். பேரப்பிள்ளைக்கும் பாட்டனுக்கும் ஒரே நாளில் சிறப்புச் செய்வது பொருத்தமான ஏற்பாடே. தோட்டத்துப் பாடசாலைகளில் அன்று பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்குவதோடு நின்றுவிடாமல், லயங்களில் வாழும் மூத்தோர் சிலரை அழைத்து அமரச் செய்து, அவர்கள் வாயால் பழைய செய்திகளைப் பிள்ளைகள் கேட்கும்படி செய்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்கும். முதல் மூன்று இரவுகள் துர்க்கைக்கும், நடு மூன்று இரவுகள் இலக்குமிக்கும், இறுதி மூன்று இரவுகள் கலைமகளுக்கும் உரியன என்பதை நேயர்கள் அறிவர். தோட்டக் கோயில்கள் பலவற்றில் ஒவ்வோர் இரவின் பூசையையும் ஒவ்வொரு பகுதியினர் உபயமாக ஏற்பது வழக்கம். அவலும் கடலையும் சர்க்கரைப் பொங்கலும் எல்லா இல்லங்களுக்கும் எட்டுகின்றன.

கலைமகள் விழா நமக்கு மிகுந்த பொருளுடையதாகும். முற்காலத்தில் தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஒற்றை அறையும் ஒற்றை ஆசிரியருமாகவே இருந்தது. அதுவும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் இருந்தது. 1977 ஆம் ஆண்டு முதற்கொண்டே இப்பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாக ஏற்கத் தொடங்கிற்று. இன்று பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மலைநாடெங்கும் கற்பிக்கின்றனர். அவர்களில் லயத்திற் பிறந்து வளர்ந்தவர்கள் பலர். விசயதசமியன்று ஏடு தொடக்கப்படும் குழந்தையின் பாட்டிக்கு எழுத்தறியும் வாய்ப்பே கிடைக்காதிருந்திருக்கலாம். அந்தப் பாட்டியின் மடியிலிருந்தே குழந்தை அரிசியில் அகரம் எழுதுகின்றது. இக்காட்சியைப் பெற்றோர் எளிதாக எண்ணிவிடலாகாது.

மாணவ மணிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஒன்பது இரவுகளில் ஒவ்வொருவரும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, உங்கள் பாட்டிமார் பாடும் தாலாட்டையும் கும்மியையும் ஒப்பாரியையும், அவர்கள் சொல்லும் கதையையும் விடுகதையையும் எழுதி வையுங்கள். மலைநாட்டுக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் திரட்டிய நாட்டுப்பாடல்கள் 1983 இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாக வெளிவந்தன. மறு ஆண்டே அவர் மறைந்தார். அவர் திரட்டியிராவிடின் அப்பாடல்களுட் பல பாடினோரோடு அழிந்திருக்கும். அட்டனைத் தம் உழைப்பின் களமாகக் கொண்டு 1930களில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யரும், கூட்டங்களில் பாட்டிசைத்தே மக்களை எழுப்பிய அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாளும் பாட்டின் வலிமையை நன்கறிந்தவர்கள். உங்கள் பாட்டியின் பாட்டும் அந்த வரிசையைச் சேர்ந்ததுதான்.

கருவிகளுக்குப் பூசை செய்யும் நாளைப் பற்றியும் ஒரு சொல். ஆயுத பூசையன்று தேயிலை ஆலையில் இலையை உருட்டும் இயந்திரமும், காயவைக்கும் உலையும் துடைத்துச் சந்தனமிடப்படுகின்றன. கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் பீடத்தில் ஏறுகின்றன. லொறிக்கும் முச்சக்கர வண்டிக்கும் மாலை விழுகின்றது. இவையெல்லாம் பெரும்பாலும் ஆடவர் கையாளும் கருவிகள். கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்களே. அவர்கள் நெற்றியிற் கயிறு பதியச் சுமக்கும் கூடையும் ஒரு கருவியன்றோ? சகோதரிகளே, இவ்வாண்டு உங்கள் கூடையைக் கழுவி, திருநீறும் குங்குமமும் இட்டு, கத்தியின் அருகே வையுங்கள். வைக்க இடமில்லையென்று எவரேனும் சொன்னால், அந்த இயந்திரங்கள் உருட்டுவது யார் பறித்த இலையை என்று அன்போடு கேளுங்கள்.

தீபாவளியும் முற்பணமும்

ஐப்பசி மாதத்தில், தேய்பிறைச் சதுர்த்தசியன்று, தீபாவளி வருகின்றது. மலைநாட்டில் பண்டிகை என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுவே. விடியுமுன் எண்ணெய் முழுக்கு, புத்தாடை, கோயில் வழிபாடு, ஆட்டிறைச்சிக் கறி, உறவினர் வருகை என்று அந்நாள் நிறைந்துவிடும். அதற்கு முந்திய இரு வாரங்களில் அட்டன், தலவாக்கலை, நுவரெலியா கடைவீதிகளில் கால் வைக்க இடமிராது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலான இல்லங்களில் தோட்டம் வழங்கும் பண்டிகை முற்பணத்திலிருந்தே வருகின்றது. அதனால் இதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

முற்பணம் என்னும் சொல் நம் முன்னோர் வரலாற்றில் ஆழப் பதிந்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து மக்களைத் திரட்டிய கங்காணி, வழிச்செலவுக்கும் உணவுக்குமென்று முதலில் முற்பணம் கொடுத்தான். தோட்டத்தை அடையுமுன்னரே அவர்கள் கடனாளிகளாயினர். வேறு தோட்டம் செல்ல விரும்பினால், இவர் இவ்வளவு கடன் தரவேண்டியவர், அதைத் தீர்த்தால் விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' வேண்டியிருந்தது. கடன் தீராது, துண்டு மட்டும் தோட்டத்துக்குத் தோட்டம் செல்லும். 1921 ஆம் ஆண்டுச் சட்டமே இந்தத் துண்டு முறையை ஒழித்தது. குறைந்தபட்சக் கூலிக்கான சட்டம் 1927 இல் வந்தது.

இன்றைய பண்டிகை முற்பணம் அத்தகைய தளையன்று. அது தொழிலாளர் கேட்டுப் பெற்ற வசதி, வட்டியற்றது. எனினும் அது நன்கொடையன்று என்பதை மறக்கலாகாது. மாதந்தோறும் பத்தாந் திகதிச் சம்பளத்திலிருந்து அது கழிக்கப்படும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு 20,000 ரூபாய் முற்பணம் கிடைப்பதாகக் கொள்வோம். 2021 இல் குறைந்தபட்ச நாட்கூலி 1,000 ரூபாயாக விதிக்கப்பட்டபோது, அது 20 நாள் உழைப்பு. 2024 செப்டெம்பரில் அக்கூலி 1,350 ரூபாயென வர்த்தமானியில் வெளிவந்தது. அக்கணக்கின்படி ஏறக்குறைய 15 நாள் உழைப்பு. மழையில் அட்டையோடு போராடி, பிரட்டுக்கு நேரத்தில் போய், மடுவத்தில் நிறை குறையாமல் கொழுந்து கொடுத்துப் பெறவேண்டிய 15 நாட்கள் ஒரே வாரத்தில் கைக்கு வந்து, அதே வாரத்தில் கையைவிட்டுப் போகின்றன என்பதே இதன் பொருள்.

ஆதலின் முற்பணம் கைக்கு வருமுன்னரே, ஒரு மாலை கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து ஒரு பட்டியல் எழுதுதல் வேண்டும். எமது யோசனை வருமாறு:

முதலாவதாக, கடையில் நிலுவையிலுள்ள பழங்கடனில் ஒரு பங்கைத் தீர்த்துவிடுங்கள். பண்டிகைக்குப் பின் அதே கடையில் அரிசியும் மாவும் கேட்கவேண்டியிருக்கும். இரண்டாவதாக, ஆடை வாங்குகையில் பிள்ளைகளையும் முதியோரையும் முன்வைத்து, அவர்களுக்கு வாங்கியபின் எஞ்சுவதிலேயே ஏனையோருக்கு வாங்குங்கள். பாடசாலைக்கும் அணியக்கூடிய சப்பாத்து வாங்கினால் ஒரு செலவு இரு முறை பயன்படும். மூன்றாவதாக, கடைசி வாரத்துக்குக் காத்திராமல் துணிமணிகளை முன்னதாக வாங்குங்கள். நெருக்கடியில் விலை கேட்கவும் நேரமிராது, துணி பார்க்கவும் நேரமிராது. நான்காவதாக, எவ்வளவு சிறிதாயினும் ஒரு தொகையைத் தொடாமல் எடுத்து வையுங்கள். நத்தாரும் தைப்பொங்கலும், பிள்ளைகளின் கொப்பிச் செலவும் தீபாவளியின் பின்னாலேயே நிற்கின்றன. அச்சமயம் கையில் ஒன்றுமில்லாமல், வாரந்தோறும் வீடு தேடி வரும் நுண்கடன்காரரிடம் கையெழுத்திட்டுத் துயருற்ற சகோதரிகள் பலர்.

சாராயத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுதல் முறையன்று. பண்டிகைப் பணத்தில் எத்தனை பங்கு சாராயக் கடைக்குப் போகின்றது என்பதை ஒவ்வொரு குடும்பத்துத் தாயும் அறிவாள். பட்டியல் எழுதும் மாலையில் இதையும் வெளிப்படையாகப் பேசுங்கள். பிள்ளைகள் முன்னிலையில் ஒப்புக்கொண்ட கணக்கை மீறத் தந்தையர் பலர் நாணுவர் என்றே நம்புகின்றோம்.

வாணவெடி விடயத்திலும் எச்சரிக்கை தேவை. லயத்தில் ஒரு காம்பராவில் பற்றிய தீ, ஒரே கூரையின் கீழுள்ள வரிசை முழுவதையும் தின்றுவிடும். அவ்வாறு ஒரே இரவில் உடுத்த துணியோடு வெளியேறிய குடும்பங்களின் செய்தியை நாம் ஆண்டுதோறும் படிக்கின்றோம். இஸ்தோப்பில் வெடி கொளுத்தலாகாது. விறகு அடுக்கிய இடத்தருகேயும் ஆகாது. திறந்த மைதானத்தில், ஒரு பெரியவர் மேற்பார்வையில், வாளி நிறைய நீர் வைத்துக்கொண்டு பிள்ளைகள் மகிழட்டும்.

தீபாவளிக்கு ஊர் திரும்பும் பிள்ளைகளைப் பற்றியும் ஈண்டுக் கூறவேண்டும். கொழும்பிலுள்ள கடைகளிலும் உணவகங்களிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் நம் இளைஞரும் யுவதிகளும் பேருந்து நிறையப் பொதிகளோடு வருவர். பொதியைத் திறக்குமுன் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அங்கே உண்ண நேரம் கிடைக்கின்றதா, உறங்க இடம் உண்டா, சம்பளம் ஒழுங்காகத் தருகின்றனரா என்று பக்கத்திலமர்ந்து கேளுங்கள். பண்டிகை நாளில் வருத்தம் சொல்லலாகாதென்று பிள்ளைகள் மறைப்பதுண்டு.

விடுமுறை முடிந்து திரும்பும் உறவினரோடு, வீட்டில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையையும் வேலைக்கு அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் சில இல்லங்களில் இச்சமயத்தில் எழுவதுண்டு. முற்பணக் கழிவு தொடங்கிய வீட்டில் அவ்வெண்ணம் வலுக்கும். 2016 ஆம் ஆண்டு முதல் நமது நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சட்டம் ஒருபுறமிருக்க, இன்று அனுப்பும் பிள்ளை மாதம் கொண்டுவரும் சில ஆயிரத்துக்காக, அப்பிள்ளையின் முப்பது நாற்பது ஆண்டு உழைப்பின் மதிப்பைக் குறைத்துவிடுகின்றோம். ஆறு மாதம் ஆடை குறைந்தாலும் பாழில்லை. ஆறு மாதம் பாடசாலை குறைந்தால் பிள்ளை மீண்டும் வகுப்புக்குத் திரும்புதல் அரிது.

அயலார் திருநாட்கள்

தீபாவளியை அடுத்து வரும் வளர்பிறையில் ஆறு நாள் கந்தசஷ்டி விரதம். நோன்பிருப்போர் கொழுந்து மலையில் ஏறி இறங்கும் வேலை செய்வோராயின், பாலும் பழமும் உட்கொண்டு நோற்பதில் தவறில்லை. உடல் நலிவுற முருகன் கேட்பதில்லை.

நவம்பர் இரண்டாந் திகதி கத்தோலிக்க அன்பர்கள் தம் மறைந்த உறவினரை நினைந்து கல்லறைகளுக்கு மெழுகுதிரி ஏந்திச் செல்வர். சிங்கள அயலாரின் விகாரைகளில் வப் பௌர்ணமியோடு பிக்குகளின் மழைக்கால வாசம் முடிவடைந்து, அதன்பின் ஒரு மாத காலத்துள் அவர்களுக்குக் காவியாடை வழங்கும் கட்டின விழா நடைபெறும். ஊர்வலம் நம் தோட்டத்துச் சாலை வழியே வருமாயின், தாகத்துக்கு நீரும் தேநீரும் கொடுத்தல் நல்ல அயலவர் செயல். நம் தீபாவளிப் பலகாரத் தட்டும் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.

கார்த்திகை விளக்கும் காவலும்

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது பழமொழி. மலைச்சரிவில் வாழும் நமக்கு இது வெறும் பழமொழியன்று. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை, கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் மறைந்தன. தீபாவளி கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. அவ்விடம் அபாயமுடையதென முன்னரே அறியப்பட்டிருந்தும் அங்கு மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் பல இடங்களில் சரிந்தன. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தனர். கார்த்திகை விளக்கீட்டுக்கு அப்போது சில நாட்களே இருந்தன.

ஆதலின் விளக்குக்குத் திரி திரிக்கும் கையோடு சில காவற் காரியங்களையும் செய்துகொள்ளுதல் வேண்டும். சுவரிலோ முற்றத்திலோ புதிய வெடிப்புத் தோன்றுதல், மரமும் மின்கம்பமும் ஒரு பக்கம் சாய்தல், கதவு திடீரென இறுகித் திறக்க மறுத்தல், நீரில்லாத இடத்தில் கலங்கல் நீர் ஊறுதல், ஓடிக்கொண்டிருந்த ஊற்று நின்றுபோதல் ஆகியவை மண் நகர்வதன் அடையாளங்கள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் இரவு கழியட்டும் என்று காத்திராதீர்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளாக எச்சரிக்கை விடுக்கின்றது. சிவப்பு என்றால் வெளியேறுதல் வேண்டும் என்பது பொருள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி எண் 117 என்பதைப் பிள்ளைகளும் மனனம் செய்திருக்கட்டும்.

கோயில் பரிபாலன சபையினர் திருவிழாவுக்குப் பணம் திரட்டக் கூடும் கூட்டத்திலேயே, ஒவ்வொரு லயத்திலும் தனித்து நடக்க இயலாத முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதி, இரவில் அவர்களை யார் அழைத்து வருவது, எங்கே கூடுவது என்பதையும் தீர்மானித்தல் நலம். தப்பு அடிக்கும் ஒலி மலை முழுதும் கேட்கும். ஆபத்துக்கு இன்ன அடி என்று முன்னரே வகுத்துக்கொண்டால் மின்சாரமற்ற இரவிலும் அது உதவும்.

மற்றொன்று: பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரங்கள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரு பிளாஸ்திக் பையில் கட்டி, எளிதில் எடுக்கும் இடத்தில் வையுங்கள். காகிதத்தின் அருமையை நம்மைப் போல் உணர்ந்த மக்கள் வேறு யார்? 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்முன் முந்திய தலைமுறையினரின் பிறப்பைக் காட்டப் பத்திரமில்லாமல் எத்தனையோ குடும்பங்கள் நாடற்றவையாயின. 1964 இல் இரு நாட்டுத் தலைவர்கள் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனக் கணக்கிடப்பட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கிற்று. அவ்வாறு பெற்ற உரிமையின் சான்றை வெள்ளத்தில் விட்டுவிடலாகாது.

விளக்கீட்டன்று அகல் வைக்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வாசல் வேண்டும். இந்திய உதவியோடு அமைக்கப்பட்ட தனி வீடுகளில் குடியேறியோர் தம் சொந்தத் திண்ணையில் விளக்கேற்றுகின்றனர். இன்னும் மிகப் பலர் ஒரே நீண்ட இஸ்தோப்பில், பத்துக் குடும்பத்து விளக்குகளை வரிசையாக வைக்கின்றனர். அபாயமற்ற நிலத்தில் தனக்கென்று ஒரு வீடு என்ற கோரிக்கை மழைக்காலத்தில் மட்டும் பேசப்பட்டு, வெயில் வந்ததும் மறக்கப்படுகின்றது. தோட்டத் தலைவர்மாரும் சங்கத்தாரும் இதனை ஆண்டு முழுதும் நினைவில் வைத்துக் கேட்டுக்கொண்டேயிருத்தல் வேண்டும்.

மார்கழி வாயிலில்

டிசம்பர் பௌர்ணமியன்று சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்கி வெசாக் வரை நீளும். அட்டன் வழியாக நல்லதண்ணி செல்லும் சாலையில் எல்லாச் சமயத்தாரும் செல்வர். யாத்திரிகருக்குத் தேநீரும் பலகாரமும் விற்கும் நம் சகோதரிகளுக்கு இது வருவாய்க் காலம். தீபாவளிக் கடனைத் தீர்க்க அது கைகொடுக்கும். டிசம்பர் 15 ஆந் திகதியைத் தொழிலாளர் அமைப்புகள் 2005 முதல் தேயிலை நாளாகக் கொண்டாடி வருகின்றன. ஐக்கிய நாடுகள் சபை பின்னர் மே 21 ஐத் தேயிலை நாளாக அறிவித்ததாயினும், பறிப்போரை நினைக்கும் நாளென முந்தியதையே போற்றுவோர் நம்மிடையே உளர்.

நேயர்களே, உங்கள் தோட்டத்தில் இத்திருநாட்கள் எவ்வாறு நடைபெறுகின்றன, எந்த வழக்கம் மறைந்தது, எது புதிதாய்ப் புகுந்தது என்பதை எமக்கு எழுதுங்கள். மாணவர்கள் தம் பாட்டிமாரிடம் கேட்டு எழுதியவற்றையும் அனுப்பலாம். பட்டியல் எழுத மறவாதீர்கள். பையைக் கட்டி வைக்கவும் மறவாதீர்கள். அடுத்த வாரம், குறைந்த செலவில் நவராத்திரிக்குச் செய்யத்தக்க சுண்டல் வகைகளோடு உங்களைச் சந்திப்போம்.